அத்தியாயம் 5: துணி சேர்ப்பதும் பேணுவதும்

ஒட்டுத்துணிப் போர்வை தைக்கப் பழகியவர் வீட்டில் துணி தானாகவே சேரும். ஜாக்கெட் பிட், பழைய புடவை, தையல்கடை வெட்டுத்துணி, ஆடித் தள்ளுபடியில் அள்ளி வந்த கட் பீஸ் என்று பீரோ நிறைந்துவிடும். ஆனாலும் புதிதாக ஒரு போர்வையைத் தொடங்கினால் வெளிர்நிறத் துணி அரை மீட்டர் குறையும். அடித்துணிக்கு எதுவும் தேறாது. ஆசையாக எடுத்து வைத்த சிவப்பு முதல் அலசலிலேயே சாயம் விடும்.

நீளம் எவ்வளவு, என்ன நூல், துவைத்ததா இல்லையா என்ற மூன்றும் தெரிந்த துணியே இருப்பு. தெரியாதது வெறும் மூட்டை. மூட்டையை இருப்பாக மாற்றுவதற்கும், அந்த இருப்பு தங்கிவிடாமல் போர்வைகளாக வெளியே போவதற்கும் வழிமுறைகளை இந்த அத்தியாயத்தில் வரிசையாகப் பார்ப்போம்.

ஒரு போர்வைக்கு எவ்வளவு துணி?

சேர்க்கத் தொடங்கும் முன் இந்தக் கணக்கு மனத்தில் இருக்க வேண்டும். கீழுள்ளவை 44 அங்குல அகலத் துணிக்கான அளவுகள். ஓரக்கரையும் சுருக்கமும் போக 42 அங்குலமே கைக்கு வரும்.

- குழந்தைப் போர்வை (36 × 45 அங்குலம்): மேல்துணி 1½ மீட்டர், அடித்துணி 1½ மீட்டர், ஓரப்பட்டி 35 செ.மீ.
- ஒற்றைக் கட்டில் போர்வை (60 × 90 அங்குலம்): மேல்துணி 4½ மீட்டர், அடித்துணி 5¼ மீட்டர், ஓரப்பட்டி 60 செ.மீ.
- இரட்டைக் கட்டில் போர்வை (90 × 100 அங்குலம்): மேல்துணி 7 மீட்டர், அடித்துணி 7¾ மீட்டர், ஓரப்பட்டி 75 செ.மீ.

ஓர் இரட்டைக் கட்டில் போர்வைக்கு மொத்தம் 15½ மீட்டர் ஆகிறது. அப்படியானால் 100 மீட்டர் இருப்பு என்பது ஆறு பெரிய போர்வைகள். ஆண்டுக்கு இரண்டு போர்வை தைப்பவருக்கு அது மூன்றாண்டு வேலை. உங்கள் வேகத்தை இப்படிக் கணக்கிட்டு உச்ச அளவு ஒன்றை இப்போதே எழுதி வையுங்கள். இரண்டாண்டு வேலைக்குப் போதுமான துணி பெரும்பாலோருக்கு நல்ல அளவு.

குறிப்பு: துண்டு சிறிதாகச் சிறிதாகத் துணி அதிகம் செலவாகும். 5 அங்குலச் சதுரம் நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலில் போய் 4½ அங்குலமாக நிற்கும். 2½ அங்குலச் சதுரம் 2 அங்குலமாகிவிடும். முதலாவதில் வெட்டிய பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைவாகவே தையலுக்குள் மறைகிறது. இரண்டாவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மறைகிறது. மேல்துணிக்கு மேலே கொடுத்த அளவு 5 அங்குலச் சதுரத்தை ஒட்டிய துண்டுகளுக்குப் பொருந்தும். அதைவிடச் சிறிய துண்டுகளில் தைத்தால் மேல்துணியைக் கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

எதைச் சேர்க்கலாம், எதைத் தள்ளலாம்?

சேர்க்க வேண்டியது நெருக்கமாக நெய்த, நடுத்தரக் கனமுள்ள தூய பருத்தி. பாப்ளின், கேம்பிரிக், சன்னமான கதர், கைத்தறிக் கட்டம் எல்லாம் இதில் அடங்கும். மல், வாயில் போன்ற மெல்லிய துணியும் கனத்த ஜீன்ஸ் துணியும் ஒரே போர்வையில் சேர்ந்தால் மெல்லியது முதலில் கிழியும். கனம் வாரியாகத் தனித்தனியே வையுங்கள்.

திருப்பூர்ப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் பனியன் துணி இழுத்தால் நீளும். வெட்டியதும் ஓரம் சுருளும். கால்மிதிக்கும் தலையணை அடைக்கவும் ஏற்றது. சதுரம் பொருத்தித் தைக்க வேண்டாம்.

பருத்திதானா என்று சந்தேகமா? ஜாக்கெட்டுக்கு விற்கும் டூ பை டூ ரூபியாவில் தூய பருத்தியும் உண்டு, பாலியெஸ்டர் கலந்ததும் உண்டு. எரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

1. சமையலறைத் தொட்டிக்கு அருகில் நில்லுங்கள். ஒரு எவர்சில்வர் தட்டில் தண்ணீர் ஊற்றி வையுங்கள். முந்தானை, துப்பட்டாவைச் செருகிக்கொள்ளுங்கள். குழந்தைகள் அருகில் வேண்டாம்.
2. ஓரத்தில் ஓர் அங்குலத் துண்டு வெட்டி இடுக்கியால் பிடியுங்கள். விரலால் பிடிக்கக் கூடாது.
3. தண்ணீர்த் தட்டுக்கு நேர் மேலே பிடித்து, நுனியில் தீ வையுங்கள்.
4. சட்டென்று பற்றி, காகிதம் எரியும் வாசனை வந்து, தொட்டால் உதிரும் சாம்பல் மிஞ்சினால் பருத்தி. சுருங்கி உருகி, கரும்புகையோடு கடினமான மணியாக இறுகினால் பாலியெஸ்டர். இரண்டும் கலந்து தெரிந்தால் கலப்புத் துணி. முடி கருகும் நாற்றம் வந்தால் பட்டு அல்லது கம்பளி.

உருகிச் சொட்டும் பாலியெஸ்டர் தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். இடுக்கியும் தண்ணீர்த் தட்டும் இல்லாமல் இதைச் செய்யவே வேண்டாம்.

துணி கிடைக்கும் இடங்கள்

ஒரே நிறத் துணிக்கு உங்கள் ஊர் மேட்சிங் சென்டரே போதும். நூறு நிறம் வரிசையாக இருக்கும், அரை மீட்டரும் கிழித்துத் தருவார்கள். கைத்தறிக்கு 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் கடைகளும் கதர் கடைகளும் உண்டு. விழாக்காலத் தள்ளுபடியில் அடித்துணிக்கான நீளங்களை அங்கே வாங்கலாம். நிறைய வாங்குவோர் ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்கோ சென்னை கோடவுன் தெருவுக்கோ போகலாம். மொத்தக் கடைகளில் குறைந்தபட்ச அளவு கேட்பார்கள் என்பதால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து போய்ப் பங்கிட்டுக்கொள்வது நல்லது.

வீட்டுப் பழந்துணியை மறக்காதீர்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரின் கறுப்பினப் பெண்கள் வயல்வேலைக்கு உடுத்தி நைந்த உடைகளைக் கொண்டே போர்வை தைத்தார்கள். அவை 2002-இல் ஹூஸ்டன் நகரிலும் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் கலைப்படைப்புகளாகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. வங்காளத்துக் காந்தாவும் கர்நாடகத்துச் சித்தி மக்களின் கவந்தியும் பழந்துணியில் பிறந்த கலைகளே.

5½ மீட்டர் பருத்திப் புடவை ஒன்று ஒற்றைக் கட்டில் போர்வைக்கு அடித்துணியாகும். வெள்ளை வேட்டி வெளிர்நிறத் தேவையைத் தீர்க்கும். சரிகைக் கரையை மட்டும் வெட்டி எடுத்துவிடுங்கள். பழந்துணியை எடுக்கும் முன் இரண்டு சோதனை அவசியம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இழை விலகிய இடங்களைப் பாருங்கள். பிறகு இரு கட்டைவிரலாலும் நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் இழுத்துப் பாருங்கள். பிரிந்தால் அந்தப் பகுதி ஆகாது. உட்காரும் இடம், இடுப்பில் செருகும் இடம், கொசுவ மடிப்பு ஆகியவை முதலில் நையும். முந்தானையை ஒட்டிய பகுதி பெரும்பாலும் உறுதியாக இருக்கும்.

எந்த நிறம், எத்தனை மீட்டர்?

நம் கடைகளில் கண்ணைப் பறிப்பவை மெரூன், மயில்கழுத்து, கரும்பச்சை, அரக்கு. அவற்றையே வாங்கிக் குவித்தால் எல்லாம் நடுத்தர அடர்த்தியாகிவிடும். தைத்த பிறகு வடிவம் எழும்பித் தெரியாது. போர்வையின் வடிவத்தைக் காட்டுவது வெளிருக்கும் அடருக்கும் உள்ள வேறுபாடுதான். எந்த இருப்பிலும் முதலில் தீர்வது சந்தன நிறம், பால்வெள்ளை, இளஞ்சாம்பல் போன்ற பின்னணி நிறங்களே.

வாங்கும் அளவுக்கு ஒரு பொதுவிதி:

- பின்னணிக்கான வெளிர்நிறம்: ஒவ்வொன்றும் 3 முதல் 5 மீட்டர்.
- ஒரே நிறத் துணியும் சிறு கட்டமும்: 1 மீட்டர்.
- பூ, மாங்காய், அச்சு வேலைப்பாடு: அரை மீட்டர். எந்த வேலைக்கு என்று தெரியாமல் இதற்கு மேல் வேண்டாம்.
- அடித்துணி: போர்வை அளவைத் தீர்மானித்து, ஒரே துணியில் முழு நீளமும்.

குறிப்பு: துணிகளை அருகருகே பரப்பிக் கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் வெளிரும் அடரும் போதவில்லை என்று பொருள். கடையிலேயே இதைச் செய்யலாம்.

புதுத்துணி தட்டுக்குப் போகும் முன்: ஏழு படிகள்

வாங்கி வந்த அன்றோ மறுநாளோ இவற்றை முடித்துவிடுங்கள். இந்த ஏழும் முடியாத துணி அடுக்குக்குள் நுழையக் கூடாது.

1. உதறுங்கள். தையல்கடை வெட்டுத்துணியானால் வெளியில் வைத்து உதறுங்கள். குண்டூசி, உடைந்த ஊசி, பிளேடு இருக்கலாம். கையால் துழாவாதீர்கள். முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள்.
2. மூலையை நறுக்குங்கள். நான்கு மூலையிலும் அரை அங்குலம் முக்கோணமாக வெட்டுங்கள். துவைக்கும்போது நூல் பிரிவது குறையும். பின்னாளில் மூலையைப் பார்த்ததுமே துவைத்த துணி என்று தெரியும்.
3. சாயம் பாருங்கள். ஒரு சிறு துண்டைக் கண்ணாடித் தம்ளரில் சுடுநீரும் ஒரு சொட்டுச் சோப்புத் திரவமும் விட்டு அரைமணி நேரம் ஊறவிடுங்கள். கூடவே ஒரு வெள்ளைப் பருத்தித் துண்டையும் போடுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும்.
4. துவையுங்கள். ஒரே நிறக் குடும்பத்தைச் சேர்த்து அலசுங்கள். பருத்தி முதல் சலவையில் நூற்றுக்கு 3 முதல் 5 வரை சுருங்குவது வழக்கம்; தளர்வாக நெய்த கைத்தறி இன்னும் கூடுதலாகச் சுருங்கலாம். கால் மீட்டருக்குக் குறைந்த துண்டுகளை இயந்திரத்தில் போடாமல் கையால் அலசுங்கள்.
5. நிழலில் உலர்த்துங்கள். உள்மடிப்பில் சிறிது ஈரம் இருந்தாலும் அடுக்கினால் பூஞ்சை பிடிக்கும்.
6. இஸ்திரி போடுங்கள், கஞ்சி போடாதீர்கள். கஞ்சியின் மாவுச்சத்து ராமபாணப் பூச்சியை வரவழைக்கும். வெட்டப்போகும் நாளில் கஞ்சி போட்டுக்கொள்ளலாம். விறைப்பாக இருந்தால் அளவும் பிசகாது.
7. அளந்து சீட்டு எழுதுங்கள். நீளம், அகலம், என்ன நூல், வாங்கிய இடம், தேதி ஆகியவற்றைச் சிறு காகிதத்தில் எழுதி நூலால் கட்டுங்கள். குண்டூசியும் ஸ்டேப்ளர் பின்னும் வேண்டாம். கடலோர ஊர்களில் அவை சில மாதத்தில் துருப்பிடித்துக் கறை விடும்.

சாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உப்பும் வினிகரும் சேர்த்து ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சாயமேற்றி முடிந்த பருத்தியில் அது பயன் தராது. துணியில் ஒட்டாமல் மிஞ்சிய சாயத்தைச் சுடுநீரிலும் சோப்பிலும் வெளியேற்றுவதே வழி. தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்ப அலசுங்கள். நான்கைந்து அலசலுக்குப் பிறகும் சாயம் விட்டால் அதை வெள்ளையோடு சேர்க்காதீர்கள். பைக்கோ குஷன் உறைக்கோ ஒதுக்குங்கள். அடர்சிவப்பு, அவுரி நீலம், கறுப்பு ஆகியவற்றிலும் சுங்குடியிலும் கூடுதல் கவனம் வேண்டும். நம் மதராஸ் கட்டத்துணி 1960-களின் அமெரிக்காவில் சாயம் கசிவதையே சிறப்பாகச் சொல்லி விற்கப்பட்டது. சட்டையில் அது அழகாகலாம். பல நிறம் சேரும் போர்வையில் முழு உழைப்பையும் கெடுத்துவிடும்.

மடிப்பதும் அடுக்குவதும்

எல்லாத் துணியும் ஒரே அகலத்தில் மடிந்திருந்தால் ஒன்றை உருவும்போது மற்றவை சரியாது.

1. ஓரக்கரையும் ஓரக்கரையும் சேர அகலத்தை இரண்டாக மடியுங்கள். 22 அங்குலம் வரும்.
2. 6 அங்குல அகலமுள்ள நீண்ட அளவுகோல் ஒன்றைத் துணியின் ஒரு முனையில் வைத்து, துணியோடு சுற்றிக்கொண்டே வாருங்கள்.
3. அளவுகோலை உருவிவிட்டு, சுற்றிய துணியை நடுவில் இரண்டாக மடியுங்கள்.
4. மடிப்பு முன்பக்கம் தெரியும்படி, புத்தகம் அடுக்குவதுபோல நிமிர்த்தி வையுங்கள். சீட்டு மேலே தெரிய வேண்டும்.

பருத்தித் துணி மீட்டருக்குச் சுமார் 150 கிராம் வரும். 100 மீட்டர் என்றால் 15 கிலோ. மெல்லிய பலகைத் தட்டு வளையும். பெரிய நீளங்களைக் கீழ்த்தட்டில் வையுங்கள். உயரமான அலமாரியைச் சுவரோடு திருகாணியால் பிணையுங்கள்.

பரணில் துணி வைக்காதீர்கள். வெப்பம், தூசி, எலி மூன்றும் அங்கே உண்டு. மரப் பலகையில் நேரடியாக வைத்தால் மரத்தின் அமிலம் துணியை மஞ்சளாக்கும். துவைத்த வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் வையுங்கள். மழைக்கால ஈரம் சுவர் வழியே வரும். அலமாரிக்கும் சுவருக்கும் இடையே இரண்டு அங்குல இடைவெளி விடுங்கள். ஜன்னல் வெயில் படும் திறந்த தட்டில் மடிப்பு விளிம்பு மட்டும் வெளுத்துக் கோடாக நிற்கும். அதற்கு ஒரு திரை போதும்.

பூச்சி வராமல் காக்க

வேப்பிலையை நன்றாக உலர்த்தி, மெல்லிய துணிப் பையில் கட்டி மூலைகளில் வையுங்கள். பட்டுப்புடவைக்கு வைப்பது போல வசம்புத் துண்டும் வைக்கலாம். இரண்டையும் துணிமேல் நேரடியாகப் போட்டால் கறை படியும். இவை பூச்சியை ஓரளவு விலக்கும், அவ்வளவே. பூச்சியைத் தடுக்கும் உண்மையான காவல் சுத்தமும் உலர்வும்தான்.

அந்துருண்டையை இந்த இருப்பில் பயன்படுத்த வேண்டாம். அதன் நாஃப்தலின் வாடை துணியில் தங்கும். ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடுள்ள பச்சிளங்குழந்தைகளுக்கு அந்த வாடையே இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள்காமாலையை உண்டாக்கக்கூடும். நீங்கள் தைப்பவற்றில் பல, பிறந்த குழந்தைக்குப் பரிசாகப் போகின்றன. ஏற்கெனவே அந்துருண்டையோடு இருந்த துணியை நன்கு துவைத்து, வாடை முழுதும் போகும்வரை காற்றாட விட்ட பிறகே எடுங்கள்.

வெட்டியதில் மிஞ்சியது

இருப்பு கைமீறிப் போவது மிச்சத்துண்டுகளால்தான். ஒரு போர்வையை முடித்த வாரத்திலேயே மிச்சத்தை இந்த அளவுகளில் வெட்டிப் பெட்டிகளில் பிரியுங்கள்:

- கால் மீட்டருக்கு மேல்: மடித்து மீண்டும் தட்டுக்கு. சீட்டில் நீளத்தைத் திருத்துங்கள்.
- நீளமான குறுகிய துண்டு: 2½ அங்குலப் பட்டை.
- அகலத் துண்டு: 5 அங்குலச் சதுரம்.
- சிறியது: 2½ அங்குலச் சதுரம்.
- அதற்கும் கீழ்: தலையணை, பொம்மை அடைக்கத் தனிப் பை.

2½ அங்குலப் பட்டை ஜெல்லி ரோல் என்றும் 5 அங்குலச் சதுரம் சார்ம் பேக் என்றும் அமெரிக்கக் கடைகளில் வெட்டியே விற்கப்படுகின்றன. அந்த அளவுகளுக்கென்று எண்ணற்ற வடிவங்கள் இருப்பதால் உங்கள் மிச்சமும் அவற்றுக்கு அப்படியே பொருந்தும்.

கணக்கேடு

ஒரு கோடு போட்ட நோட்டு போதும். துணிக்கு ஒரு வரி: வரிசை எண், ஒட்டிய சிறு மாதிரித் துண்டு, வந்த நீளம், எடுத்த நீளம், மீதி. வெட்டும் மேசைமேலேயே நோட்டு இருக்கட்டும். எடுத்ததும் எழுதாவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும். கடைசிப் பக்கத்தில் "வாங்க வேண்டியவை" பட்டியல் இருக்கட்டும். கடைக்குப் போகும்போது அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துச் செல்லுங்கள்.

பாதுகாப்பு: கட்டாயம் கவனிக்க வேண்டியவை

- துணி அடுக்கு உள்ள அறையில் விளக்கு, ஊதுவத்தி, கொசுவத்திச் சுருள் ஏற்றாதீர்கள். ஸ்விட்ச் போர்டு, இன்வெர்ட்டருக்கு அருகில் துணி வைக்காதீர்கள்.
- இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாலும், அறையை விட்டுப் போகும்போது பிளக்கைப் பிடுங்குங்கள்.
- ரோட்டரி கட்டரை ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் பூட்டுங்கள். உடம்பை விட்டு வெளிப்பக்கமாகவே தள்ளி வெட்டுங்கள். தேய்ந்த பிளேடுகளை மூடியுள்ள தகர டப்பாவில் சேருங்கள். வெறுமனே குப்பையில் போட்டால் தூய்மைப் பணியாளரின் கையைக் கிழிக்கும்.
- காலி பிளாஸ்டிக் பைகளைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.
- மேல்தட்டுத் துணியை நாற்காலியில் ஏறி எடுக்காதீர்கள். உறுதியான ஸ்டூல் வேண்டும்.

அடிக்கடி நேரும் பிழைகள்

- விலை மலிவு என்று வாங்குவது. பட்டியலில் இல்லாத துணி பாதி விலையானாலும் வீண் செலவே.
- அரை மீட்டர்களாகவே சேர்ப்பது. எண்ணிக்கை பெருகும், அடித்துணிக்கும் பின்னணிக்கும் ஒன்றும் தேறாது.
- துவைத்ததையும் துவைக்காததையும் கலப்பது. போர்வை முதல் சலவையில் ஒரு பக்கம் சுருங்கி இழுக்கும்.
- "நல்ல துணி" என்று வெட்டாமல் வைப்பது. மடிப்பிலேயே பல ஆண்டு கிடந்தால் அந்த விளிம்பில் இழை பலவீனமாகும். பிடித்த துணியை முதலில் வெட்டுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை

மழை ஓய்ந்து காற்று உலர்ந்த தை, மாசி இதற்கு ஏற்ற காலம். ஒரு நாளைக்கு ஒரு தட்டு வீதம் இறக்குங்கள். மொத்தத்தையும் ஒரே நாளில் இறக்கினால் பாதியில் நின்றுவிடும். துணியை உதறி, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை வேறிடத்தில் மாற்றி மடியுங்கள். நோட்டில் உள்ள மீதியோடு ஒத்துப் பாருங்கள். இரண்டு ஆண்டாகத் தொடாத துணிக்கு மூன்றே வழி: அடுத்த போர்வையில் சேர்ப்பது, தைக்கும் தோழியிடம் கொடுத்து மாற்றிக்கொள்வது, தையல் கற்பிக்கும் இடத்துக்குக் கொடுத்துவிடுவது. போகி நெருப்பில் போட வேண்டாம். பாலியெஸ்டர் கலந்த துணியின் புகை நச்சு.

நீங்கள் எழுதி வைத்த உச்ச அளவைத் தாண்டியிருந்தால், மீதி அதற்குள் வரும்வரை புதுத்துணி கிடையாது என்று உறுதி எடுங்கள். நூல், ஊசி, நடுப்பஞ்சு மட்டும் வாங்கலாம்.

துணி இருப்பின் பெருமை அடுக்கின் உயரத்தில் இல்லை. ஓராண்டில் அதிலிருந்து எத்தனை போர்வை யார் யார்மேல் போய்ச் சேர்ந்தது என்பதில்தான் இருக்கிறது. இந்த வாரமே ஒரு தட்டை மட்டும் இறக்கி, அதிலுள்ள ஒவ்வொரு துணிக்கும் ஏழு படிகளையும் முடியுங்கள். அடுத்த துணியை அதற்குப் பிறகு வாங்குங்கள்.